வளைவு தெரிந்த கைகள்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979இல்தான். அதுவரை திருவனந்தபுரம் போவதென்றாலும் திருநெல்வேலி போவதென்றாலும் பஸ், லாரி, கையில் கொஞ்சம் காசிருந்தால் வாடகைக் கார். தோவாளைப் பூவும் குளச்சல் மீனும் வடசேரிச் சந்தை வாழைக்குலையும் சக்கரத்தின் மேல் ஏறித்தான் ஊர் விட்டுப் போயின. பெண்ணழைப்பும் மறுவீடும் பிரசவ வேதனையும் காருக்காகக் காத்துக் கிடந்தன. வண்டியை நம்பி வாழ்ந்த ஊரில் வண்டிப் பட்டறைகள் பெருகாமல் இருக்குமா? கோட்டாறு, வடசேரி, பார்வதிபுரம், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று திருவனந்தபுரம் சாலை நெடுகப் பட்டறைகள். எஞ்சின் மெக்கானிக் ஒரு பக்கம், பாட்டரிக்காரர் ஒரு பக்கம், பெயின்டர் ஒரு பக்கம். இவர்கள் எல்லோருக்கும் நடுவில், காது கிழியத் தகரம் தட்டிக்கொண்டு, டிங்கர்.

அந்தத் தொழிலுக்கு இங்கே நீண்ட வேர் உண்டு. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1938 பிப்ரவரி 20ஆம் தேதி, சித்திரைத் திருநாள் மகாராஜா அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்தில் வேலை பார்த்திருந்த ஈ.ஜி. சால்ட்டர் என்ற ஆங்கிலேயர் அதற்குத் தலைவர். 60 காமர் சேசிஸ்கள் கப்பலில் வந்து இறங்கின. சேசிஸ் என்றால் சட்டமும் எஞ்சினும் சக்கரமும் மட்டும். ஜனங்கள் உட்கார்ந்து போகும் பாடியை சால்ட்டரின் மேற்பார்வையில் இந்த மண்ணின் ஆட்களே கட்டினார்கள். எஞ்சின் சீமையில் பிறந்திருக்கலாம், கூடு நம் கையால் ஆனது என்ற நிமிர்வு அன்றைக்கே இங்குள்ள தொழிலாளிகளுக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் பார்த்து வளர்ந்த மேஸ்திரிகளிடம் அந்த நிமிர்வு இருந்தது.

என் பள்ளி விடுமுறைகள் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறை வாசலில் கழிந்தன. ஓட்டுக்கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண்தரை, மூலையில் கார்பைடு நாற்றம். ஒரு புளியங்குற்றி, அதன் தலையில் குழி. ஒரு தண்டவாளத் துண்டு. ரயிலே வராத ஊரில் தண்டவாளம் எப்படி வந்தது என்று நான் யோசித்ததுண்டு. தகரத்தைக் குற்றியின் குழியில் வைத்து கொட்டாப்புளியால் தட்டினால் அது மெல்ல உட்குழியும். பிறகு தண்டவாளத்தின் மேல் வைத்து இரும்புச் சுத்தியலால் ஒன்றுபோல் தட்டித் தழுவி எடுப்பார் மேஸ்திரி. காலையில் தட்டையாக இருந்த தகரம் சாயங்காலம் அம்பாசிடரின் கன்னமாக ஆகியிருக்கும்.

அவரை நாங்கள் மேஸ்திரி மாமா என்போம். வேலை முடிந்த இடத்தில் என் கையைப் பிடித்து வைப்பார்.

“லே மக்கா, கண்ணால பாக்காத. கண்ணு ஏமாத்திப் போடும். உள்ளங்கைய வச்சுத் தடவு. எங்க தட்டுப்படுதோ அங்கதான் வேலை கெடக்கு.”

“எனக்கு ஒண்ணும் தட்டுப்படல்லியே மாமா.”

“படும். கை பழகணும்.”

டாக்ஸிக்காரர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். “வே மேஸ்திரி, முகூர்த்தம் இருக்கு. நாளைக்கு வண்டி கிடைச்சிருமாவே?” என்பார் ஒருவர். “தகரத்துக்கு முகூர்த்தம் தெரியாது பாத்துக்கிடும். ஞாயித்துக்கெழம வாரும்” என்று பதில் வரும். அவசரப்படுத்தினால் பட்டிப் பசையை அப்பித் தள்ளி அனுப்புகிற ஆட்கள் அன்றைக்கும் இருந்தார்கள். மேஸ்திரி அப்படிச் செய்ததில்லை. துரு தின்ற பாகத்தை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் துண்டு வெட்டி, கேஸ் வெல்டிங்கில் பொடிப்பொடியாக ஒட்டுவார். சூட்டில் தகரம் புடைத்தால், புடைத்த இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, நாலு தட்டுத் தட்டி, ஈரத்துணியால் ஒற்றுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். தகரம் சுருங்கித் தன் இடத்துக்குத் திரும்பும். கடைசியில் மிச்சமிருக்கும் நூல் பள்ளத்துக்கு மட்டும் பட்டி.

எங்கள் ஊர்த் தகரத்துக்கு எதிரிகள் அதிகம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்போகத்துக்கும் தண்ணீர் தருகிற இரண்டு மழையும் வண்டியை நனைக்கும். மாவட்டத்தின் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக்காற்று. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டை சருகும் சேறும் அடைத்துப் போனால், உள்ளிருந்தே துரு அரிக்கத் தொடங்கும். மட்கார்டில் முகவிளக்குக்குப் பின்னால் சக்கரம் வாரியடித்த சேறு தங்கும். அங்கே முதலில் பெயின்ட் கொப்புளிக்கும். அம்பாசிடர் என்றாலே வெள்ளைதான் நினைவுக்கு வருகிறது. அந்த வெள்ளை நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளுகிற இல்மனைட் கருமணல்தான் அந்த நிறமிக்கு மூலப்பொருள். வண்டிக்கு நிறம் கொடுக்கிற கடற்கரைதான் அதன் தகரத்தைத் தின்கிற காற்றையும் அனுப்புகிறது.

அந்தத் தகரம் சாமானியத் தகரம் இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவம் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலைக்கு வந்து, 1950களின் கடைசியில் அம்பாசிடர் ஆனது. 2014 மே மாதம் அங்கே உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் முகப்புக் கிரில் மாறியது, எஞ்சின் மாறியது, விளக்கு மாறியது. உடம்பின் வளைவு அநேகமாக அப்படியே இருந்தது. பானட்டின் நடுவில் ஓடும் வரம்பு, பின் மட்கார்டின் முனையில் சின்னதாக எழும்பும் துடுப்பு, கூரை பின்கண்ணாடியை நோக்கி இறங்கும் சரிவு, இவை ஒவ்வொன்றும் இரண்டு திசையிலும் வளைந்தவை. ஒரு திசையில் மட்டும் வளைவதை யாரும் உருளையில் விட்டு எடுக்கலாம். இரண்டு திசையிலும் வளைய வேண்டுமென்றால் தகரத்தை இழுக்க வேண்டும்.

இழுப்பதற்குத்தான் அச்சு. வார்ப்பிரும்பில் ஆண் அச்சும் பெண் அச்சும் செய்து, தகரத்தின் ஓரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான டன் அழுத்தத்தில் பிரஸ் இறங்கும். முதல் அடியில் வடிவம், அடுத்த அடியில் ஓரம் வெட்டு, பிறகு விளிம்பு மடிப்பு, பிறகு துளை. இப்படி இழுபட்ட தகரம் முன்னைவிட இறுகி விறைக்கிறது. பழைய அம்பாசிடர் பானட்டை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்பதற்கு அதன் கனத்தோடு இந்த விறைப்பும் காரணம்.

எங்கள் ஊரில் வசதியான டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னொரு ரகம். வண்டலூருக்கு அருகே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் அது தயாரானது. இத்தாலியின் ஜோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம். அதன் பாடி பல துண்டுகளாகப் பிரிந்து, சேசிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. அதற்கொரு கதை உண்டு. ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. பாடியை மொத்தமாக அடித்துத் தர ஆளில்லாமல், வெவ்வேறு ஆலைகளில் துண்டு துண்டாக அடித்துச் சேர்க்கிற மாதிரி காரையே வடிவமைத்தார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த அந்த யோசனை பட்டறைக்காரர்களுக்கு வரமாக வந்தது. மூக்கோடு மட்கார்டும் சேர்ந்த முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும்; எஞ்சினும் முன்சக்கரமும் அப்படியே கைக்கு வரும். இடிபட்ட துண்டைக் கழற்றிப் போட்டு வேறு துண்டை முடுக்கலாம். மேஸ்திரி ஹெரால்டைக் கண்டால் முகம் மலர்வார்.

முடுக்குவதற்குத் துண்டு வேண்டுமே. பெருங்களத்தூர் ஆலை 1988இல் மூடப்பட்டது. பம்பாயின் பிரீமியர் பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு முடிந்தது. மைசூரின் ஐடியல் ஜாவா 1996இல் மூடியது. அதோடு எஸ்டி மோட்டார் சைக்கிளின் டாங்க்கும் மட்கார்டும் வரும் வழி அடைபட்டது. ஒவ்வொரு ஆலையும் மூடும்போது செய்தித்தாளில் எஞ்சினைப் பற்றியும் தொழிலாளர் சம்பளப் பாக்கியைப் பற்றியும் எழுதினார்கள். அச்சுகளைப் பற்றி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

என் சிறு வயதில் நாகர்கோவில் உதிரிபாகக் கடைகளில் மட்கார்டு வாங்கினால் கறுப்புப் பிரைமர் அடித்து, காகிதம் சுற்றி, கம்பெனிச் சீட்டோடு வரும். தூக்க இரண்டு பேர் வேண்டும். மேஸ்திரி அதைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்புறம்தான் தொடுவார். கம்பெனி சாமான் கிடைக்காத காலத்தில் டூப்ளிகேட் வந்தது. முதலில் வந்ததைக் குறை சொல்ல முடியாது. கனம் இருந்தது, துளை மட்டும் ஒரு நூல் தள்ளி இருக்கும், அரத்தால் ராவிச் சேர்த்துக்கொள்ளலாம். வருஷம் போகப் போகக் கனம் குறைந்தது. பிறகு விளிம்பு மடிப்பு காணாமல் போனது. பிறகு வளைவு.

அண்மையில் உறவினர் ஒருவர் தம் தகப்பனாரின் மார்க் 2 அம்பாசிடரைப் பழையபடி ஆக்க ஆசைப்பட்டார். வடக்கேயிருந்து மட்கார்டும் கதவுத் தகரமும் வரவழைத்தார். பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். முகவிளக்கு உட்காரும் வட்டம் வட்டமாக இல்லை. கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே விரல் நுழையும் அளவுக்கும் கீழே தாள் நுழையாத அளவுக்கும் இருந்தது. உள்ளங்கையை வைத்துத் தடவினேன். கன்னத்தின் வளைவு இருக்க வேண்டிய இடத்தில் தகரம் சப்பையாகக் கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய், விட்டால் டப்பென்று வெளியே வந்தது. உறவினர் ஒன்றும் பேசவில்லை. அந்தக் காரில்தான் அவருடைய அக்காமார் புகுந்த வீடு போனார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதல் காரணம் கனம். 20 கேஜ் தகரம் 0.9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 22 கேஜ் 0.7. 24 கேஜ் 0.56. கேட்பதற்கு அற்ப வித்தியாசம். ஆனால் வளைவதைத் தாங்கும் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 20 கேஜிலிருந்து 22 கேஜுக்கு இறங்கினால் விறைப்பு பாதிக்கும் கீழே போகிறது. 24 கேஜுக்கு இறங்கினால் கால்வாசி கூட மிஞ்சுவதில்லை. இன்றைய புதுக் கார்களிலும் தகரம் மெலிசுதானே என்று கேட்கலாம். அது வேறு வகை உருக்கு. பெயின்ட் சூட்டில் இன்னும் இறுகும்படி தயாரித்தது. அந்த மெலிசுக்கு ஏற்ற வரம்புகளோடு உருவத்தையே வரைந்திருக்கிறார்கள். 0.9 மில்லிமீட்டரை நம்பி வரைந்த பெரிய வெற்றுக் கன்னத்தை மெலிந்த சாதாரணத் தகரத்தில் அடித்தால் அது நிற்காது.

இரண்டாவது காரணம் எனக்குப் புரிய நாளானது. புரிந்த பிறகு மனதை விட்டுப் போகவும் இல்லை. பிரஸ்ஸில் அழுத்திய தகரம், அழுத்தத்தை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கும். முழு வளைவிலும் நிற்காமல் இம்மி நிமிரும். ஆதியில் அச்சு செய்தவர்களுக்கு இது தெரியும். அடித்துப் பார்த்து, அளந்து, அச்சைத் திருத்தி, மறுபடி அடித்து, பின்வாங்கிய பிறகும் சரியான வளைவு மிஞ்சும்படி அச்சில் கூடுதல் வளைவு வைத்தார்கள். அந்தக் கூடுதல் அச்சில்தான் இருக்கிறது; காரின் மேல் இருக்கும் தகரத்தில் இல்லை. இன்றைக்கு நகல் செய்கிறவருக்கு ஆதி அச்சு கிடைப்பதில்லை. பழைய மட்கார்டு ஒன்றை வைத்து அதன் மேல் ரெசினிலோ வார்ப்பிலோ அச்சு எடுக்கிறார். அந்த அச்சில் அடித்த தகரம் மறுபடி பின்வாங்குகிறது. வளைவு ஒரு படி குறைகிறது. அந்த நகலை வைத்து இன்னொருவர் அச்சு எடுத்தால் இன்னொரு படி. மாதிரிக்கு வைத்த மட்கார்டு எப்போதோ இடிபட்டுப் பட்டி பூசியதாக இருந்தால் அந்தப் பழுதும் சேர்ந்து பதிகிறது. தேய்மானம் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது.

மூன்றாவது காரணம் பணம். ஒரு பானட்டுக்கு மூன்று நாலு அச்சு வேண்டும். வருஷத்துக்குச் சில நூறு பேர் வாங்குகிற சாமானுக்கு வார்ப்பிரும்பு அச்சில் யார் முதல் போடுவார்? ஒரே அடியில் அடித்து, ஓரத்தைக் கையால் வெட்டி, மடிக்க வேண்டியதை வெல்டு வைத்து அனுப்புகிறார்கள். செய்கிறவர் அதைக் காரில் பொருத்திப் பார்ப்பதில்லை. மேஸ்திரி தாம் அடித்த துண்டைத் தாமே பொருத்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால் டாக்ஸிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு அவர் கையைத் திருத்தியது.

ஜீப்புக்கு மட்டும் இந்தக் கேடு வரவில்லை. கீரிப்பாறை, மாறாமலை எஸ்டேட்டுகளில் ரப்பரும் கிராம்பும் சுமந்து ஏறிய ஜீப்புகளின் பாடி தட்டைத் தகரமும் நேர் மடிப்பும்தான். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் முழு ஜீப்பையே கட்டிக் கொடுக்கிறார்கள் என்றால் அதன் ரகசியம் அந்தத் தட்டைத் தகரம். நாம் இழந்துகொண்டிருப்பது வளைவை.

அச்சைக் காப்பாற்றிய தேசமும் உண்டு. இங்கிலாந்தில் 1975இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் ஏற்பட்டது. எம்ஜிபி காரின் உற்பத்தி 1980இல் நின்றது. அதன் ஆதி அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988இல் அதே அச்சுகளில் அடித்த முழுப் பாடியையே இந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உற்பத்தி நின்ற காருக்குப் புது உடம்பு கிடைத்தது. நம் ஆலைகள் மூடியபோதும் யாராவது ஒருவர் ஹெரால்டின் மூக்குக்கும் பத்மினியின் கதவுக்கும் அச்சை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

நம் அரசும் பழைய வண்டியை மதிக்கத் தொடங்கியிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை ‘விஏ’ என்ற எழுத்தோடு வின்டேஜ் வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். வண்டி ஆதி நிலையில் இருக்க வேண்டும், பாடியிலும் சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆதி உடம்பு வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஆதி உடம்பைச் செப்பனிடத் தெரிந்தவர்களை யார் வளர்ப்பது?

வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிமாரின் தொழிலுக்கு நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு கிடைத்தது. மனம் நிறைந்த செய்தி. அந்தத் தெருக்களுக்கு நடந்து போகிற தூரத்தில் இரும்புத் தகரத்தை அதே நுட்பத்தோடு தட்டி உருவாக்கிய கைகளுக்கு ஒரு சான்றிதழும் வந்ததில்லை. அவர்கள் பிள்ளைகளைத் தொழிலுக்கு விடவில்லை. அதில் தவறு சொல்ல நமக்கு உரிமையில்லை. காது மந்தமாகி, வெல்டிங் வெளிச்சத்தில் கண் மங்கி, மேஸ்திரி மாமா கடைசி நாட்களில் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு பதிலுக்கு அவள் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை இருந்த இடத்தில் இன்று கண்ணாடி முகப்போடு ஒரு கட்டடம். புளியங்குற்றி அடுப்புக்குப் போயிருக்கும்.

நினைத்து நினைத்து ஆற்றாமைப்படுவதோடு நிறுத்த மனமில்லை. செய்ய முடிகிற காரியங்கள் இருக்கின்றன. ஐடிஐ பாடத்திட்டத்தில் தகரத் தொழிலும் வாகன பாடி பழுதுபார்ப்பும் இருக்கின்றன. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. ஓய்ந்திருக்கும் மேஸ்திரிகளை மதிப்பூதியத்தோடு வரவழைத்து, கொட்டாப்புளியும் ஈரத்துணியும் பிடிக்கக் கற்றுக்கொடுக்கச் செய்யலாம். பழைய கார்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து வைக்கலாம். இடிபடாத, பட்டி பூசாத ஒரு கார் கிடைக்கும்போதே அளக்க வேண்டும். பின்வாங்கலுக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதைக் கணினியில் கணக்கிடும் வழியும் இன்று இருக்கிறது. ஆதி அச்சு போய்விட்டாலும் ஆதி வளைவை மீட்க இயலும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துருப்பிடித்த மட்கார்டைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கருக்குப் போட்டுவிடாதீர்கள். பாதி அரித்துப் போயிருந்தாலும் மிச்சப் பாதியில் அந்த வளைவு இருக்கிறது. அடுத்த துண்டை அடிக்க அதுவே அளவுகோல். விலைக்கு வரும் பாகத்தின் மேல் ஒரு சின்னக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பிடி தளர்கிற இடத்தில் பட்டி ஒளிந்திருக்கிறது. ஓரத்தில் அளவுக் கருவி வைத்துக் கனம் பாருங்கள். கண்ணை நம்பாமல் உள்ளங்கையால் தடவுங்கள். தகரம் அடிக்கத் தெரிந்த வயசாளிகள் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் கோட்டாறிலும் இன்னும் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். முதலில் அவர்கள் வீட்டைத் தேடிப் போங்கள். கூடவே தொழில் பழக விரும்பும் ஒரு பையனையும் கூட்டிப் போங்கள். கடையில் புதுத் தகரத்துக்கு விலை கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.